இன்றைய மன்னா இன்றைக்கு: போதையிலிருந்து மீண்டு வரும் விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் குடியை விட்டு 14 வருடம் ஆகிறது. அதில் ஒன்பது வருடமாக, வாரம் ஒருமுறை சபையில் கூடும் ஒரு சின்னக் குழுவில் உட்கார்ந்து வருகிறேன். குடி, மாத்திரை, கஞ்சா, சூதாட்டம் என்று எதிலாவது மாட்டிக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் அங்கே வருவார்கள். நான் டாக்டர் இல்லை, போதகரும் இல்லை. ஒரே சந்தேகங்களை வேறு வேறு வாயிலிருந்து கேட்டுக் கேட்டு, பதில்களை ஓர் இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். உடம்பு சம்பந்தமான இடங்களைப் படித்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

குடி பாவமா, நோயா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. வருடக்கணக்கில் குடிக்கும்போது மூளையே அதற்குப் பழகிவிடுகிறது. சந்தோஷத்தையும் பழக்கத்தையும் கட்டுப்பாட்டையும் பார்த்துக்கொள்ளும் பகுதிகள் குடி இல்லாமல் இயங்கத் தடுமாறுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் குடிக்கு அடிமையாவதும் ஒரு நோயாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிக்காக நான் சொன்ன பொய்களையும், கேட்காமல் எடுத்த பணத்தையும் என் மூளையின் கணக்கில் எழுதிவிட முடியாது. அவற்றைச் செய்தது நான்.

ரோமர் 7-ஆம் அதிகாரத்தில் பவுல், தான் விரும்புவதைச் செய்ய முடியாமல் வெறுப்பதையே செய்வதாகப் புலம்புகிறார். முதல் தடவை அதை நிதானமாக வாசித்தபோது என்னைப் பற்றி யாரோ எழுதி வைத்தது போல இருந்தது. நோய் என்று மட்டும் சொல்பவர் வீட்டில் மன்னிப்புக் கேட்பதில்லை. பாவம் என்று மட்டும் சொல்பவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. குழுவில் இரண்டு வகை ஆட்களும் வந்திருக்கிறார்கள். வைத்தியமும் வேண்டும், மனந்திரும்புதலும் வேண்டும்.

முழு மனதோடு ஜெபித்தால் ஆசையே இல்லாமல் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

சிலருக்கு அப்படி நடந்திருக்கிறது. ஒரே இரவில் ஆசை போய்விட்டது என்று சொல்லி, பல வருடங்களாக அப்படியே வாழ்கிறவர்களை நான் அறிவேன். அவர்களை நான் சந்தேகிப்பதில்லை. ஆனால் எங்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. ஆசை இருந்துகொண்டே இருந்தது. அதோடு வாழக் கற்றுக்கொண்டோம். அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

டப்ளின் நகரத்துக் கூலித்தொழிலாளி மாட் டால்பட்டின் கதையை இதற்காகவே அடிக்கடி சொல்வேன். 1856-இல் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடியில் விழுந்தார். 1884-இல், 28 வயதில், இனிக் குடிப்பதில்லை என்று ஒரு பாதிரியார் முன் உறுதி எடுத்தார். எத்தனை நாளைக்குத் தெரியுமா? மூன்று மாதத்துக்கு. அது முடிந்ததும் ஆறு மாதத்துக்கு. அதன் பிறகுதான் வாழ்நாள் முழுவதற்கும். 1925-இல் சாகும்வரை 41 வருடம் அவர் குடிக்கவில்லை. 1975-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு வணக்கத்துக்குரியவர் என்ற பட்டத்தைக் கொடுத்தது. ஆரம்ப மாதங்கள் அவருக்குப் பெரும் பாடாக இருந்தன. அந்தப் பாட்டைப் பார்த்து அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா?

இன்றைக்கே குடியை நிறுத்திவிட்டு மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்காரப் போகிறேன். சரிதானே?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் கடுமையான நடுக்கம், காய்ச்சல், குழப்பம், இல்லாததைப் பார்ப்பது என்று வரும். சன்னி என்பது இதைத்தான். வைத்தியம் இல்லாவிட்டால் உயிர் போகலாம். நீங்கள் உபவாசத்துக்கு என்று ஒதுக்கிய மூன்று நாளும் சரியாக இந்த ஆபத்தான நாட்களே. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளைப் பல மாதம் எடுத்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அவற்றை டாக்டர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட காலம் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், பெரும்பாலும் வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் பட்டினி கிடப்பது மூளையை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடும். ஆகவே முதலில் ஆஸ்பத்திரி, அங்கே டாக்டர் பார்வையில் குடியை நிறுத்துவது. ஜெபிக்கிறவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கட்டும். உபவாசம் இருக்க ஆசைப்பட்டால் உங்களுக்குப் பதிலாக உங்கள் நண்பர் இருக்கட்டும்.

நிறுத்தின மூணாம் நாள் சுவரில் உருவங்கள் தெரிகிறது என்று கத்தினார். பிசாசு பிடித்திருக்கிறதா? கட்டு அறுக்கிற ஜெபம் பண்ணவா?

மேலே சொன்ன சன்னியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உடனே அவசர சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வழி நெடுக ஜெபியுங்கள். ஜெபம் முடியட்டும் என்று போகாமல் காத்திருக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவரை இந்த நிலையில் இரண்டு இரவு அறையில் பூட்டிவைத்து ஜெபித்தார்கள். பிழைத்தார். பிழைத்தது ஆண்டவருடைய இரக்கம் என்று இன்றைக்கும் சொல்கிறேன். அந்த இரண்டு இரவையும் நினைத்தால் இன்னமும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மாத்திரை எடுத்தால் ஆண்டவரை நம்பவில்லை என்று ஆகாதா?

எசேக்கியா ராஜா சாகும் நிலையில் கிடந்தபோது, அவரைக் குணமாக்குவேன் என்று கடவுளே வாக்குக் கொடுத்தார். அதே மூச்சில் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின் மேல் போடவைக்கிறார் (2 இராஜாக்கள் 20). வாக்கு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று அங்கே பிரிக்கவில்லை. பவுலின் கூடவே போன லூக்காவும் வைத்தியர்தான்.

குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்ற மருந்துகள் இருக்கின்றன. டைசல்ஃபிரம் என்பது வேறு வகை: அதை எடுத்துவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து படுக்கவைத்துவிடும். ஹெராயின் போன்றவற்றில் மாட்டியவர்களுக்கு மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் மருந்துகள் சாவைக் குறைக்கின்றன என்பது நன்றாக நிரூபணமான விஷயம். ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்குத் தாவுகிறாய் என்று அவர்களைக் குத்திக்காட்டாதீர்கள். அந்த வார்த்தைக்குப் பயந்து மருந்தை விட்டவர்கள் செத்துப் போயிருக்கிறார்கள்.

இங்கே வீட்டாருக்கு ஒரு வார்த்தை. டைசல்ஃபிரத்தை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. தவிப்பு புரிகிறது. ஆனால் அவர் வெளியே போய் எப்போதும் போலக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

தினமும் என்ன செய்ய வேண்டும்? பெரிய பெரிய உபதேசம் வேண்டாம், காலையில் எழுந்தால் என்ன என்று சொல்லுங்கள்.

வனாந்தரத்தில் கடவுள் இஸ்ரவேலருக்குத் தந்த உணவான மன்னாவை அன்றன்றைக்குத்தான் பொறுக்க வேண்டும். மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தால் புழுத்துவிடும் (யாத்திராகமம் 16). ஓய்வுநாளைக்கு முந்தின நாள் மட்டும்தான் விதிவிலக்கு. குடியை விடுவதற்கு இதைவிட நெருக்கமான பாடம் எனக்கு வேதத்தில் கிடைக்கவில்லை. இனி வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று நான் பதினேழு தடவையாவது சத்தியம் செய்திருப்பேன். ஒன்றும் நிற்கவில்லை. நின்றது இது: காலையில் தரையில் கால் வைக்கும் முன்பு, கட்டிலில் உட்கார்ந்தபடியே, "ஆண்டவரே, இன்றைக்கு மட்டும்." அவ்வளவுதான். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் இன்றைய ஆகாரத்தைத்தானே கேட்கிறோம்?

அப்புறம் ஒரு சங்கீதம். ஒன்று போதும். அந்த நாளில் எந்த நேரம் எனக்கு ஆபத்து என்று யோசித்து, அந்த நேரத்துக்கு ஒரு வேலையையோ ஒரு ஆளையோ முன்கூட்டியே வைத்துக்கொள்வேன். எனக்கு சம்பளம் வரும் நாளின் சாயங்காலமும், யாருடனாவது சண்டை போட்ட மறுநாளும் ஆபத்து. ராத்திரி படுக்கும் முன் அந்த நாளைக் கடவுளிடம் திரும்பச் சொல்லிவிட்டு, பொய் சொல்லியிருந்தால் யாரிடம் சொன்னேன் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுவேன். முதல் வருட நோட்டில் குடி என்ற வார்த்தை குறைவு, பொய் என்ற வார்த்தைதான் பக்கத்துக்குப் பக்கம். குடியை நிறுத்திய பிறகும் பொய் சொல்லும் பழக்கம் வெகுநாள் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்வரை குடி திரும்பிவரக் கதவு திறந்தே இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் வரும்போது கவனமாக இருக்கச் சொல்வார்கள். எலியா சாக வேண்டும் என்று செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார் (1 இராஜாக்கள் 19). சில நாட்களில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கப் போவதே விசுவாசத்தின் வேலை.

ஆசை கழுத்தைப் பிடிக்கிற அந்த நேரத்தில் ஜெபமே வருவதில்லை. அப்போது என்ன பண்ணுவது?

நீளமான ஜெபம் யாருக்கும் வராது. "இயேசுவே, இரங்கும்" என்ற இரண்டு வார்த்தையை மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். உள்ளே இழுக்கும்போது ஒன்று, வெளியே விடும்போது ஒன்று. ஆசை ஓர் அலை மாதிரி ஏறும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். ஏறும்போது மட்டும், இது இறங்கவே இறங்காது என்று தோன்றும். அந்த அரை மணி நேரத்தைக் கடப்பதுதான் வேலை. 1 கொரிந்தியர் 10:13, சோதனையோடு கூடத் தப்பிக்கும் வழியையும் கடவுள் உண்டாக்குவார் என்கிறது. அந்த வழி நிறையத் தடவை நிஜமாகவே ஒரு வாசல். எழுந்து அந்த இடத்தைவிட்டு வெளியே போக வேண்டும்.

விட்ட இரண்டாவது மாதம், ஓர் இரவு குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கையில் போன். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் கொடுத்திருந்த நம்பர் திரையில் தெரிந்தது. அமுக்க விரல் வரவில்லை. திரை அணைந்தது, மறுபடி தொட்டேன், மறுபடி அணைந்தது. நாலைந்து தடவை அப்படி. கடைசியில் எப்படியோ அமுக்கிவிட்டேன். அவர் எடுத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. "தம்பி, லைன்லயே இரு. ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார். அவர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன். அன்று நான் ஜெபித்தேனா என்று கேட்டால், அந்தப் பட்டனை அமுக்கியதுதான் என் ஜெபம்.

கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, மனிதரிடம் வேறு ஏன் சொல்ல வேண்டும்?

நான் பல வருடம் கடவுளிடம் மட்டுமே சொன்னேன். அழுது சொன்னேன். காலையில் எழுந்து குடித்தேன். இந்தப் பாவத்தை இருட்டில் வைத்துக்கொண்டே மன்னிப்பு மட்டும் வாங்கிவிடலாம் என்று எனக்கே தெரியாமல் நான் போட்டிருந்த திட்டம் அது. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்வது சொஸ்தமாவதற்காக. நிஜமான ஓர் ஆளின் கண்ணைப் பார்த்துச் சொன்னதும், அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததும்தான், மன்னிப்பு என்ற வார்த்தைக்கு எனக்கு உருவம் கொடுத்தது.

ஆனால் எல்லாரிடமும் சொல்லாதீர்கள். ரகசியம் காக்கத் தெரிந்தவர், அதிர்ச்சி அடையாதவர், உங்களிடம் உண்மையைப் பேசப் பயப்படாதவர் ஒருவர் போதும். இதே வழியில் நடந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று இருப்பது பாதுகாப்பு. கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. அதையும் பயன்படுத்துங்கள், ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்ய ஓர் ஆளையும் தேடிக்கொள்ளுங்கள்.

ஏ.ஏ. கூட்டத்தில் இயேசுவின் பெயரைச் சொல்வதில்லை, ஏதோ உயர்ந்த சக்தி என்கிறார்கள். விசுவாசி அங்கே போகலாமா?

நான் போனேன், இன்றைக்கும் போகிறேன். ஏ.ஏ., அதாவது குடியை விட விரும்புகிறவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகளின் சந்திப்பில் தொடங்கியது. இருவருமே ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்கள். தன்னைச் சோதித்துப் பார்ப்பது, இன்னொருவரிடம் அறிக்கையிடுவது, கெடுத்ததைச் சரிசெய்வது என்பதெல்லாம் அந்த வழியாக வந்தவை. 1939-இல் ஏ.ஏ.வின் வழிமுறையான பன்னிரண்டு படிகளை அச்சிட்டபோது, எந்த நம்பிக்கை உள்ளவரும் வரட்டும் என்றுதான் கடவுளைப் பற்றி அப்படிப் பொதுவாக எழுதினார்கள். நம்முடைய கடவுள் யார் என்று நமக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் ஜெபிப்பதை யாரும் தடுப்பதில்லை.

இயேசுவின் பெயரோடே நடக்கும் கூட்டம் வேண்டும் என்றால் செலிபிரேட் ரிகவரி இருக்கிறது. 1991-இல் கலிஃபோர்னியாவின் சாடில்பேக் சபையில் தொடங்கியது. மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்களை வைத்து எட்டு கொள்கைகளில் நடக்கிறது. பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2020-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஏ.ஏ.வோடு இணைக்கும் பன்னிரண்டு படி சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க மற்ற சிகிச்சைகளைவிட நன்றாக உதவுவதாகக் கண்டது. உங்கள் சபையில் இதைப் புரிந்துகொள்ளும் ஆட்கள் இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஞாயிறு உங்கள் சபைக்கு வாருங்கள்.

பத்து வருஷமாகக் கேட்கிறேன். இன்னும் இதை எடுத்துப்போடவில்லையே, ஏன்?

ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்த மாதிரி யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பவுல் தன் சரீரத்தில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் கெஞ்சினார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. அந்த முள் என்ன என்று பவுல் சொல்லவே இல்லை. அதனால்தான் நம் எல்லாருக்கும் அது பொருந்துகிறது.

உங்களிடம் திருப்பிக் கேட்க எனக்கு இரண்டு கேள்வி உண்டு. பத்து வருடத்தில் இதை எத்தனை பேரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்கள்? எத்தனை தடவை டாக்டரிடம் போனீர்கள்? கேட்ட ஜெபத்துக்குப் பதில் அந்த வாசல்களில் நின்றுகொண்டிருக்கலாம்.

விழுந்துவிட்டேன். ஐந்து மாதம் எல்லாம் வீணா?

வீண் இல்லை. ஐந்து மாதத்தில் கற்றது உங்களிடம்தான் இருக்கிறது. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் 24:16 சொல்லும்போது, விழுகிறவனைத்தான் நீதிமான் என்கிறது. ஒரு தடவை குடித்ததைவிட, அதற்குப் பிறகு வரும் வெட்கம்தான் ஆளை நாட்கணக்கில் தூக்கிக்கொண்டு போகிறது. ஆகவே இன்றைக்கே, வாடை போகும் முன்பே, நீங்கள் நம்பும் அந்த ஆளுக்குப் போன் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லலாம் என்று தள்ளாதீர்கள். நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேதுருவுக்குச் சாப்பாடு கொடுத்த இயேசு (யோவான் 21), தம்மை அவன் மறுதலித்த கணக்கை அதற்கு முன் தீர்க்கச் சொல்லவில்லை.

ஹெராயின், ஓபியம் வகை மாத்திரைகளில் விழுந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். நிறைய சாவுகள் இப்படித்தான் நடக்கின்றன. அந்தப் போதையை முறிக்கும் நாலோக்சோன் என்ற மருந்தைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்டு, வீட்டாருக்கும் சொல்லிக்கொடுத்து வையுங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அதை யாரிடமாவது சொல்லி, தனியாக இல்லாமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விட்டு மூணு வாரம்தான் ஆகிறது. சபையில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். சொல்லவா?

இப்போது வேண்டாம். மேடையில் சொன்ன பிறகு விழுந்தால், அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது. அப்புறம் மறைக்க ஆரம்பிப்பீர்கள். ஒரு வருடமாவது போகட்டும் என்று போதகரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் போதகர்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: புதிதாக விட்டவரை மேடையில் ஏற்றாதீர்கள், பக்கத்தில் உட்காரவையுங்கள்.

திருவிருந்தில் திராட்சரசம் கொடுக்கிறார்களே, ஒரு வாய்தானே?

அந்த ஒரு வாயால் விழுந்தவர்களும் உண்டு, பல வருடமாக வாங்கி ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. நீங்கள் எந்த வகை என்று சோதித்துப் பார்க்கும் இடம் அது இல்லை. டைசல்ஃபிரம் எடுப்பவர் அந்தக் கொஞ்சத்தையும் தொடக் கூடாது. பல சீர்திருத்த சபைகளில் புளிக்காத திராட்சைச் சாறுதான் கொடுக்கிறார்கள். தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் வைத்தியர் 1869-இல் சாற்றைப் புளிக்காமல் பாதுகாக்கும் முறையைக் கொண்டுவந்ததே திருவிருந்துக்காகத்தான். கத்தோலிக்கத் திருச்சபையில் அப்பத்தை மட்டும் பெற்றாலே முழு நற்கருணை. குடிநோய் உள்ள குருக்களும் அனுமதி பெற்று, முஸ்தம் என்னும் புளிக்காத சாற்றைப் பயன்படுத்தலாம். முன்கூட்டியே உங்கள் ஆயரிடமோ பங்குக் குருவிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இயேசுவே தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றினாரே, அளவாகக் குடித்தால் என்ன?

குடிப்பவர் எல்லாரும் பாவி என்று நான் சொல்லவில்லை. எதற்கும் அதிகாரம் உண்டு, ஆனால் எதற்கும் அடிமைப்பட மாட்டேன் என்று பவுல் எழுதியதை (1 கொரிந்தியர் 6:12) வைத்து உங்களையே கேளுங்கள். அளவாக முடிந்திருந்தால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்க வந்திருப்பீர்களா?

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் அழுது மன்னிப்புக் கேட்கிறார். எழுபது ஏழு தரம் மன்னிக்க வேண்டுமே. இனியும் என்ன செய்ய?

அக்கா, மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு, பணப்பை வேறு. மனதில் கசப்பில்லாமல் அவரை ஆண்டவர் கையில் விடுவது மன்னிப்பு. அதற்காக அவர் கையில் பணம் கொடுக்க வேண்டும், வேலையிடத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்ல வேண்டும், கடனை அடைக்க வேண்டும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. கெட்ட குமாரனின் தகப்பன் பன்றித் தொழுவத்துக்குப் பணம் அனுப்பவில்லை. வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை நீட்டுகிறார் என்றால் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அங்கிருந்தே மன்னிக்கலாம், அங்கிருந்தே ஜெபிக்கலாம். பொறுமையாக அடி வாங்கு என்று உங்களுக்கு ஆலோசனை சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951-இல் பில் வில்சனின் மனைவி லோயிஸும் ஒரு தோழியும் சேர்ந்து ஆல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர் விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போங்கள்.

நான் மனந்திரும்பி எட்டு மாதம். வீட்டில் இன்னும் என் சட்டைப் பையைச் சோதிக்கிறார்கள். கடவுளே மன்னித்துவிட்டாரே!

கடவுள் உங்கள் உள்ளத்தைப் பார்க்கிறார். உங்கள் மனைவிக்குப் பைதான் தெரிகிறது. பார்க்கட்டும். சகேயு மனந்திரும்பியதும் என்னை நம்புங்கள் என்று கேட்கவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். வாங்கிய கடன்களின் பட்டியலை எழுதிச் சின்னத் தொகையாவது மாதாமாதம் கொடுங்கள். என் வீட்டில் பையைச் சோதிப்பது நிற்க மூன்று வருடம் ஆனது. நின்ற நாள் எனக்குத் தெரியாது. நின்று வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

நானே ஊழியக்காரன். பிரசங்கம் முடிந்து வீட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் குடிக்கிறேன். யாரிடம் சொல்வேன்?

ஐயா, இந்தக் கேள்வி ஒரு தடவைக்கு மேல் வந்திருக்கிறது. வேலையும் வீடும் பெயரும் எல்லாம் ஒரே இடத்தில் கட்டியிருப்பதால் உங்கள் பயம் எங்களுடையதைவிடப் பெரியது என்று தெரியும். உங்கள் சபைக்கு வெளியே இருக்கும் ஒரு டாக்டரிடமோ கவுன்சிலரிடமோ முதலில் போங்கள். அப்புறம் உங்கள் மூப்பரிலோ மேற்பொறுப்பில் இருப்பவரிலோ நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லி, கொஞ்ச காலம் பிரசங்கப் பீடத்திலிருந்து விலகியிருங்கள். அந்த விலகல் தண்டனை இல்லை. உடைந்த காலோடு யாரும் ஓட வேண்டியதில்லை. நீங்கள் குடிப்பது சபைக்குத் தெரியவரும் நாளை நீங்களே தேர்ந்தெடுக்க, இன்னும் நேரம் இருக்கிறது.

குடியை விட்டேன், ஆனால் எதுவும் உணர்வாகவே இல்லை. பாட்டு, ஜெபம் எல்லாம் மரக்கட்டை மாதிரி. விசுவாசமே போய்விட்டதா?

போதை தந்த செயற்கைச் சந்தோஷத்துக்குப் பழகிய மூளை, சாதாரணச் சந்தோஷத்தை மறுபடி உணர மாதங்கள் ஆகும். முதல் கேள்வியில் சொன்ன அதே மாற்றம்தான் இங்கே திரும்பும் வழியில் இருக்கிறது. இது பலருக்கும் வருவதுதான். உங்கள் விசுவாசத்தை இதை வைத்து அளக்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் எல்லாம் இருட்டாகவே இருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள்.

திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு "அவர்கள்" விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். எங்கள் குழுவுக்கு ஒரு பெரியவர் வருவார். பாட மாட்டார், ஜெபிக்கவும் மாட்டார். நாங்கள் பாடும்போது பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். எட்டு மாதம் அப்படி நின்றார். உனக்குள் எதுவும் இல்லாவிட்டாலும் வந்து எங்களோடு நில் என்று புதியவர்களுக்குச் சொல்லும்போது, நான் அவர் பக்கம்தான் பார்ப்பேன். இப்போது கூட்டத்துக்கு முன்பு நாற்காலிகளைப் போடுகிறவர் அவர்தான். புதிதாக யாராவது வரலாம் என்று ஒன்று கூடுதலாகவே போடுவார்.